நடுவில் நிற்க ஒரு ஆள்

அந்தச் சனிக்கிழமை காலை கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நயினார்கோவில் பக்கம் மிளகாய்க் காடும் கொஞ்சம் நஞ்சையும் வைத்திருக்கிற நாகநாதன், அவர் மனைவி வீரலட்சுமி, மருமகள் துர்காதேவி, கார் ஓட்டுகிற பங்காளி மகன் தங்கப்பாண்டி, கட்டிலுக்கு அடியில் செவலை என்கிற நாய். வேறு யாராவது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. நாயைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்ட பேச்சில் பாதி அதனிடம்தான் நடந்தது.

மீதிப் பாதி துர்காதேவியின் பொறுப்பு. அவள் மருமகளாக வந்தபோதே அங்கே பேச்சு நின்றிருந்தது. நிச்சயதார்த்தத்தன்று, அபிராமத்திலிருந்து வந்திருந்த சம்பந்திகள் முன்னால், பெண்ணின் தாய்மாமன் நாகநாதனைப் பார்த்து ஏதோ கேட்டார். நாகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் வீரலட்சுமி குறுக்கே வந்து, "அவுககிட்டக் கேட்டு என்ன ஆகப்போகுது, நான் சொல்றேன்" என்றுவிட்டாள். சபையில் விழுந்த சொல். அன்றிலிருந்து நாகநாதன் அவளிடம் பேசவில்லை. அவர் பேசாததால் அவளும் பேசவில்லை. இரண்டு பேருமே மரியாதையுள்ள குடும்பத்தில் பிறந்தவர்கள் என்பதால் யாரும் இறங்கி வரவில்லை.

பேச்சு நின்ற வீடுகளுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. அடுப்பு அணையாது, பாய் வேறு வேறு அறைக்குப் போகாது, விசேஷத்துக்குச் சேர்ந்தேதான் போவார்கள். சொல்ல வேண்டியதை மட்டும் நடுவில் இருக்கிற ஒருவரைப் பார்த்துச் சொல்வார்கள். ஆள் இல்லாவிட்டால் நாயோ மாடோ. கேட்க வேண்டியவர் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனால் நடு ஆள் அதை ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் காதில் விழுந்ததாகக் கணக்கு.

துர்காதேவி இந்த வேலையில் கெட்டிக்காரி. "அறிவிருக்கான்னு கேளு" என்று ஒரு பக்கம் புறப்பட்டால், மறுபக்கம் போய்ச் சேரும்போது "மாமா கொஞ்சம் யோசிக்கச் சொல்றாக அத்தை" என்று ஆகியிருக்கும். மூலத்தையும் கேட்டு, மொழிபெயர்ப்பையும் கேட்டு, இரண்டு பேரும் உள்ளுக்குள் அவளை மெச்சிக்கொள்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை துர்காதேவி சொன்ன செய்தி நல்ல செய்தி. மஸ்கட்டில் இருக்கும் அவள் கணவன் ராமசுப்பிரமணியனுக்குக் குடும்ப விசா கிடைத்துவிட்டது. கல்யாணமான நாள் முதல் அவன் வருவதும் போவதுமாக, விடுமுறையில் மட்டும் சேர்ந்து வாழ்ந்தவர்கள். பங்குனி முடிவதற்குள் அவள் பாஸ்போர்ட்டை அனுப்ப வேண்டும். நாகநாதன் மீசையைத் தடவிக்கொண்டு, ரொம்ப சந்தோஷம் என்றார். அப்போதுதான் துர்காதேவி, தான் போகப்போவதில்லை என்றாள்.

"ஏம்மா?"

"ராத்திரி ஒங்களுக்கு நெஞ்சு வலிச்சா நீங்க அத்தைகிட்டச் சொல்ல மாட்டீக. அத்தைக்கு மயக்கம் வந்தா அவுக ஒங்ககிட்டச் சொல்ல மாட்டாக. ரெண்டு பேரும் செவலைகிட்டச் சொல்லுவீக. அது என்ன ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுமா மாமா?"

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நாகநாதன் அதட்டியிருக்கலாம். அவர்கள் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசட்டும், அன்றைக்கே பாஸ்போர்ட்டை அனுப்புகிறேன், இல்லாவிட்டால் இங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்து காயப்போட்ட மிளகாயைக் கிளறப் போய்விட்டாள்.

மாமனார் மாமியாரின் வீம்பால் சின்னஞ்சிறுசுகள் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருக்கிறார்கள் என்று நாளைக்கு ஊர் பேசும். அபிராமத்துச் சம்பந்திகள் பேசுவார்கள். நாகநாதனுக்கு அது பொறுக்காது. ஆனால் முதலில் வாயைத் திறப்பது யார் என்று நினைத்தால் அதுவும் பொறுக்கவில்லை. கூடத்தில் இருந்த எல்லோரும் செவலையைப் பார்த்தார்கள். அது எழுந்து வெளியே போய்விட்டது.

ரத்தக் கொதிப்புக்கு அவர் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர்தான் மாஷிதாவின் பெயரைச் சொன்னார். ராமநாதபுரத்தில், கேணிக்கரைப் பக்கம், மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் அவளுக்கு ஒரு அறை. உளப்பகுப்பாய்வு என்று பெயர்ப்பலகையில் இருந்தது. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, பேச்சு மட்டும்தான். நாகநாதன் போகச் சம்மதித்ததில் அவமானம் ஒன்றும் இல்லை. மருமகளின் வாழ்வுக்காகப் போனார். அந்த அறையில் பேசியதில், குடும்பம் சொல்லலாம் என்று சம்மதித்தது மட்டுமே இங்கே வருகிறது.

முதல் நாள் அவர் தங்கப்பாண்டியையும் கூடவே உள்ளே அழைத்துப்போனார். முன்பின் தெரியாத பெண்ணிடம் நேராகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. "தங்கப்பாண்டி, நமக்குச் சரியாத் தூக்கம் இல்லேன்னு சொல்லு" என்று ஆரம்பித்தார். மாஷிதா தங்கப்பாண்டியைப் பார்த்து, தம்பி கீழே டீ குடித்துவிட்டு வரட்டுமே என்றாள். அவன் போனதும் நாகநாதன் சுவரில் தொங்கிய காலண்டரிடம் பேச ஆரம்பித்தார். அதில் பாம்பன் பாலம் இருந்தது. மழை, மிளகாய் விலை, கருவேலங்காடு என்று அவர் பாலத்திடம் சொல்ல, மாஷிதா தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள், தலையில் முக்காடு, கையில் பேனா இல்லை. கடைசியில் அவர் பாலத்தை விட்டுவிட்டு, நீங்க யாரு மக என்று கேட்டார்.

அது தெரிந்தால் அவருக்கு என்ன சௌகரியம் என்று அவள் கேட்டாள். குதர்க்கமாக இல்லை, தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

"யாரு வீட்டுப் புள்ளைன்னு தெரியாம, எத எம்புட்டுச் சொல்றதுன்னு எப்படி முடிவு பண்றது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, திருப்பாலைக்குடி, அப்துல் குத்தூஸ் மகள், வாப்பா கப்பலில் இருந்தவர் என்றாள். நாகநாதனுக்கு அப்போதைக்கு அது போதும். விசாரித்துக்கொள்ளலாம் என்று மனதில் வைத்துக்கொண்டார்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்கிறவர்களும் தன் தொழிலில் உண்டு என்று அவளே சொன்னாள். அந்தத் தொழிலில் இரண்டு கட்சியாம். பழைய கட்சிக்காரர்கள், வைத்தியம் செய்கிறவர் சுவர் மாதிரி இருக்க வேண்டும், தன்னைப் பற்றி மூச்சுவிடக் கூடாது, அப்போதுதான் வந்தவரின் மனம் அதில் சுத்தமாக விழும் என்பார்கள். மற்றவர்கள், சுவர் மாதிரி எந்த மனிதராலும் இருக்க முடியாது, சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவர் ஒரு ஆள்தான், அந்த ஆளைப் பார்த்துத்தான் வந்தவர் பேசுகிறார் என்பார்கள்.

கட்சி என்றதும் நாகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க எந்தக் கட்சி?"

"சுவர் இல்லைங்கற கட்சி."

"சுவரா இருந்தாத்தான் எனக்கு வசதி" என்றார் நாகநாதன்.

அடுத்த வாரம் அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். நோய் எங்கே இருக்கிறது, தலையிலா நெஞ்சிலா என்று கேட்டார். அவள், அது அவருக்கு உள்ளே மட்டும் இருப்பதாகத் தனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் வீட்டம்மாவுக்கும் நடுவில் இருப்பதாகத்தான் தோன்றுகிறது என்றாள். மனம் என்பது மண்டைக்குள் பூட்டிவைத்த சாமான் இல்லை, ஆட்களுக்கு இடையில்தான் அது உருவாகிறது என்று தான் படித்ததையும் சொன்னாள்.

நாகநாதனுக்கு அந்தப் படிப்பு ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் செவலையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "படிச்ச புள்ள சொல்லுது. எம்மேல ஒண்ணும் இல்லையாம். எல்லாம் நடுவுல இருக்காம்." உள்ளேயிருந்து வீரலட்சுமியின் குரல் வந்தது. "செவலை, நடுவுல இருக்குறது நீதான்னு சொல்லு."

அதற்கடுத்த வாரம் அவர் அதே சந்தோஷத்தோடு மாடிப்படி ஏறினார். மாஷிதா அதைக் கொஞ்சம் குறைத்தாள்.

"நடுவுல இருக்குறது தானா வந்து நிக்கலைங்கய்யா. ரெண்டு பேரும் ஆளுக்கொரு கல்லா வச்சுக் கட்டுனதுதான்."

"அப்ப அவ வச்ச கல்ல அவ எடுக்கட்டும்."

"ஒங்க கல்லு?"

"அது அடியில கெடக்கு. அத மொதல்ல உருவுனா மேல உள்ளது மொத்தமும் சரிஞ்சுரும். யாரு மேல விழும்னு சொல்ல முடியுமா?"

மாஷிதாவுக்குச் சிரிப்பு வந்தது. நாகநாதன் அன்றைக்குத் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கினார். காரில் ஏறியதும்தான் எதில் ஜெயித்தோம் என்று யோசனை வந்தது. வீட்டில் துர்காதேவி மஸ்கட்டுக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. அதை யாரும் திருப்பிச் சொல்லவில்லை. ஆனாலும் விழுந்தது.

இந்தப் பயணங்களில் வீரலட்சுமியும் கூட வந்தாள். கடைவீதியில் சாமான் வாங்க வேண்டும் என்பது பேச்சு. வாங்கிவிட்டு வந்து அறைக்கு வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாலாவது தடவை போனபோது வெயில் கடுமை. பேசிக்கொண்டிருந்த நாகநாதனுக்கு இருமல் வந்தது. அவர் யாரையும் பார்க்காமல், தண்ணி பாட்டில் வெளிய பையில இருக்கு என்றார்.

மாஷிதா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். "அம்மா, அய்யாவுக்குத் தண்ணி வேணுமாம்."

"பிளாஸ்க்குல வெந்நியும் இருக்கு. சூடா வேணுமா, சும்மா வேணுமான்னு கேளு தாயி."

மாஷிதா அறைக்குள் திரும்பி, சூடாகவா சும்மாவா என்று கேட்டாள். சும்மா போதும் என்றார் நாகநாதன். சும்மா போதுமாம் அம்மா என்று வெளியே சொன்னாள். வீரலட்சுமி பாட்டிலை நீட்டிக்கொண்டே, காலையில மாத்திரை போட்டாகளான்னும் ஒரு வார்த்தை கேட்டுரு என்றாள். மாஷிதா அதையும் கேட்டாள். போட்டாச்சு என்று சொல்லச் சொன்னார். போட்டாச்சாம் என்று சொன்னாள். கதவு நன்றாகத் திறந்திருந்தது. அவர் இருந்த நாற்காலிக்கும் அவள் இருந்த பெஞ்சுக்கும் இடையில் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான் தூரம்.

அந்தக் கடற்கரையில் வளர்ந்த எந்தப் பெண் பிள்ளையும் செய்யக்கூடியதைத்தான் மாஷிதா செய்தாள். பம்பாய்க்குப் போய் இந்தத் தொழிலுக்கென்றே பல வருஷம் படித்துவந்த பெண் செய்யக்கூடியதில்லை அது. கையில் பாட்டிலோடு வாசற்படியில் நின்றபோதுதான் அவளுக்கே அது உறைத்தது.

நாகநாதன் பூரித்துப்போயிருந்தார். அவருக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. ஆரம்பத்திலிருந்தே இந்தத் தொழில் எதற்கு என்று அவருக்கு ஒரு குழப்பம் இருந்தது. துர்காதேவி படிக்காமல் செய்ததை இந்தப் பெண் படித்துச் செய்கிறாள், அவ்வளவுதானே. தண்ணீரைக் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, அவர் மரியாதையாக ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். துர்கா மஸ்கட் போன பிறகு டாக்டரம்மா வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வர வேண்டும். கார் அனுப்பப்படும். முக்கியமான விஷயங்களை அன்றைக்கென்று சேர்த்துவைத்துப் பேசிக்கொள்ளலாம். சில்லறை விஷயத்துக்குச் செவலை இருக்கிறது.

மாஷிதா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று முகம் ஒரு மாதிரி ஆனது.

"நான் இப்ப ஒரு தப்புப் பண்ணிட்டேன்யா."

தப்புப் பண்ணிவிட்டேன் என்று டாக்டர் ஒருவர் வாயால் சொல்லி நாகநாதன் கேட்டதில்லை. ரத்தக் கொதிப்பு டாக்டர் மாத்திரையை மாற்றும்போதெல்லாம் உடம்புதான் மாறிவிட்டது என்பார். அவர் காலண்டரை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

சின்ன வயதில் தன் வீட்டில் தான்தான் நடு ஆள் என்றாள் மாஷிதா. வாப்பா கப்பலிலிருந்து விடுமுறையில் வருவார். வந்த நாலாம் நாள் உம்மா மலிகாவுக்கும் அவருக்கும் பேச்சு நின்றுவிடும். திரும்பக் கப்பல் ஏறும்வரை, வாப்பா சொல்வதை உம்மாவிடமும் உம்மா சொல்வதை வாப்பாவிடமும் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. "கதவைத் தொறக்கும்போது எனக்கு அது ஒரு வேலையாவே தெரியல. கை பழகிப்போச்சு. ஒங்களுக்கு நடுவுல ஒரு ஆள் வேணும்னு இருந்துச்சு. எனக்கும் அந்த எடத்துல போயி நிக்கணும்னு இருந்துருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் இத நடத்திருக்கோம்."

நாகநாதன் ஊர்ப் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்தவர். அவருக்கு இதில் உள்ள ஓட்டை உடனே தெரிந்தது.

"பஞ்சாயத்துல உக்காந்தவென் வழக்குக்காரனுக்குச் சொந்தக்காரன்னா அந்தத் தீர்ப்பு செல்லாது தாயி. ஒங்களுக்கே இது வீட்டு வெவகாரமா இருந்தா, நீங்க என்னத்தைச் சரியாப் பார்க்கப் போறீக?"

"இங்க தீர்ப்பு சொல்றதுக்கு யாரும் உக்காரலையே அய்யா."

"தீர்ப்பு இல்லேன்னா நான் எதுக்கு வாரேன்?"

அது நியாயமான கேள்விதான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். தன் ஆசிரியர்களும் இதைக் கேட்டுக்கேட்டு முடிவுக்கு வரவில்லையாம். வெளியே நின்று பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்றால், வெளியே நிற்க இடமே இல்லை. எதைப் பார்த்தாலும் நாம் பார்ப்பது நம் கண்ணால்தான். ஆனால் நாம் எங்கே நின்று பார்க்கிறோம், நம் கை எங்கே போகிறது என்பதை மறைக்காமல் சொல்லலாம். அதையும் சேர்த்துப் பார்க்கலாம். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம் என்றாள்.

நாகநாதன் விடவில்லை. இன்னொரு பக்கமாக வந்தார். வீட்டில் அவர் ஒரு மாதிரி, பஞ்சாயத்தில் ஒரு மாதிரி, இந்த மாடியில் வேறு மாதிரி. இதில் எந்த நாகநாதனை அவள் பிடித்துவைத்திருக்கிறாள்? அவளாக ஒரு ஆளைச் செய்து அதற்கு அவர் பெயரை வைத்துவிட்டால் என்ன செய்வது?

"கொஞ்சம் அப்படித்தான்யா" என்றாள் மாஷிதா. "இந்த ரூமுக்குள்ள வார்ற நாகநாதனைத்தான் எனக்குத் தெரியும். அவரு நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து உண்டாக்குனவரு. வீட்ல ஒருத்தர் இருந்திருப்பாரு. அவர அம்மாவுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது, துர்காவுக்கும் தெரியாது. அம்மாகிட்டப் பேசும்போது மட்டும் வார்ற ஆளு அவரு."

நாகநாதன் வாதத்துக்குத் தயாராக வைத்திருந்த விரலைக் கீழே இறக்கினார்.

அப்படி ஒரு ஆள் இருந்தது உண்மை. கல்யாணமான புதிதில் மிளகாய்ச் சாக்கை எண்ணும்போது தப்பாக எண்ணி, அவள் சிரித்து, அவரும் சிரித்த ஒரு ஆள். சபையில் யாருக்கும் தெரியாத, தெரிய விடவும் கூடாத ஆள். அந்த ஆள் இத்தனை வருஷமாக எங்கே போனான்? அவனைப் பார்த்தவள் வெளியே பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் பேசாமல் விட்டதில் அவளைத்தான் தண்டித்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவர் கதவருகே நின்றார். ஒரு சந்தேகம் என்றார். அந்தக் காலத்தில் மனைவியை எப்படிக் கூப்பிடுவார் என்பது மறந்துபோய்விட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. ஏதோ ஒன்று இருந்தது. டாக்டரம்மா படித்தவர், ஒரு வார்த்தை சொல்லலாமே.

"அத நான் சொன்னா மறுபடியும் பாட்டில் தூக்குன மாதிரி ஆயிரும்யா" என்றாள் மாஷிதா.

கீழே வந்து காரில் ஏறியதும் நாகநாதன், தங்கப்பாண்டி, வண்டியைத் திருப்பாலைக்குடிக்கு விடு, நண்டு வாங்கணும் என்றார். நண்டு நிஜம்தான். அப்துல் குத்தூஸ் எப்படிப்பட்ட மனிதர் என்று ஒரு வார்த்தை விசாரிப்பதும் நிஜம். சொந்தக் கதையைச் சொன்ன பெண்ணின் குடும்பத்தை விசாரிக்காமல் விடுவது முறையல்ல. பின் சீட்டில் வீரலட்சுமி ஜன்னல் ஓரம். நாகநாதன் வழக்கமாக முன்னால் உட்காருவார். அன்றைக்குப் பின்னால் ஏறினார். தங்கப்பாண்டி கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு ஊருக்குள் இறங்கி, கரையோரம் தென்னை நிழலில் வண்டியை நிறுத்தினார்கள். படகுகள் வந்திருந்தன. தங்கப்பாண்டியிடம் வாங்க வேண்டியதையும் விசாரிக்க வேண்டியதையும் சொல்லி அனுப்பினார். அவன் வலை காயும் இடத்தைத் தாண்டிப் போய் மறைந்தான்.

காருக்குள் இரண்டே பேர்.

நாகநாதன் கூப்பிடும் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. இப்போது அது பொருந்தாது என்று பட்டது. இன்னொன்று வந்தது, அது அவர் தன் தங்கையைக் கூப்பிடுவது. அலை இல்லாத கடல் அது, சத்தமும் இல்லை. வீரலட்சுமி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். மணலில் மீன் தலைக்காகக் காத்துக்கொண்டு ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. அவள் கண் அதன்மேல் போய் நின்றதை நாகநாதன் பார்த்தார். அவள் உதடு பிரிவதையும் பார்த்தார். இனி அந்தப் பூனை வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. துர்காதேவி மிளகாயைக் கிளறிக்கொண்டே கிழவியாகிவிடுவாள்.

"பூனைகிட்டச் சொல்லாத" என்றார். "எங்கிட்டச் சொல்லு."

வீரலட்சுமி திரும்பவில்லை. காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. திருப்பிச் சொல்ல ஆள் இல்லை. அவளே கேட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"என்னத்தச் சொல்ல?" என்றாள்.

நாகநாதன் அதற்கு மேல் தயார் செய்திருக்கவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு கேள்விதான்.

"அன்னைக்கு சபையில ஏன் அப்படிச் சொன்ன?"

இப்போது அவள் திரும்பினாள். முகம் முழுவதும் திரும்பியது.

"இதக் கேக்க ஒங்களுக்கு இப்பத்தான் நேரம் கெடச்சுதா? பொண்ணோட மாமன் என்ன கேட்டாரு? மாப்ளைக்கு என்ன வேலைன்னு கேட்டாரு. மொத நாளு சாயங்காலம் கடைவீதியில நீங்க என்ன சொல்லிட்டு வந்தீக? மேனேஜருன்னு சொல்லிட்டு வந்தீக. அவென் சூப்பர்வைசர். சபையில நீங்க மேனேஜருன்னு சொல்லி, நாளைக்கு அவுகளுக்குத் தெரிஞ்சா யாருக்குத் தலைகுனிவு? அதான் நான் முந்திக்கிட்டேன்."

"அத அப்பவே எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"யாருகிட்டச் சொல்ல? செவலைகிட்டயா?"

நாகநாதன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மேனேஜர் என்று சொல்ல நினைத்தாரா இல்லையா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். சபையில் அவர் வாயைத் திறக்கவில்லை, எனவே பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. இப்போது அவன் மேனேஜர்தானே என்று அவர் எடுத்துச் சொன்னார். இப்போது என்றாள் அவள். எப்படியும் ஆகப்போகிறான் என்று தனக்கு அப்போதே தெரியும் என்றார். ஆனதும் சொல்லியிருக்கலாமே என்றாள். ஒரு பொம்பளை சபையில் குறுக்கே பேசுவது எந்த ஊர் வழக்கம் என்று அவர் கேட்டார். ஆம்பளை உளறப் போகும்போது வாயைப் பொத்துவது தன் ஊர் வழக்கம் என்றாள். பிறகு அது அங்கே நிற்கவில்லை. அவள் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவர் வேட்டியை மாற்றாமல் வந்தது, அவர் வைத்த வேப்பமரத்தை அவள் வெட்டச் சொன்னது, அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவர் நாயிடம் கஞ்சி வேண்டுமா என்று கேட்டது. எல்லாம் வந்தன. நாயிடம் கேட்ட பேச்சு வந்த இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அவளும் அதற்கு மேல் அதில் நிற்காமல் வேப்பமரத்துக்குப் போனாள்.

தங்கப்பாண்டி நண்டுப் பையோடு திரும்பியபோது காருக்குள் இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. பெரியப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தவன், கதவில் கைவைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். தென்னை மரத்தடியில் போய் நின்றான். அப்துல் குத்தூஸ் நல்ல மனிதர், தொழுகை தவறாதவர், கணக்கில் சுத்தம் என்று கரையில் மூன்று பேர் சொன்ன சாட்சியத்தோடு அவன் வந்திருந்தான். கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பைக்குள் நண்டு நகர்ந்துகொண்டிருந்தது.

வழியெல்லாம் அது நடந்தது. ஒருமுறை வீரலட்சுமி பழக்கத்தில், தங்கப்பாண்டி, ஒங்க பெரியப்பாகிட்டச் சொல்லு என்று ஆரம்பித்தாள். நாகநாதன் பாதியிலேயே வெட்டினார். "அவென் வண்டி ஓட்டட்டும். எங்கிட்டச் சொல்லு." தங்கப்பாண்டி ரோட்டைப் பார்த்தான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது துர்காதேவி களத்தில் இருந்தாள். சத்தத்தைக் கேட்டுப் பதறி வந்தவள், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டே படியேறுவதைப் பார்த்து அப்படியே நின்றாள். பழக்கதோஷத்தில் தன் பக்கம் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கூடத்துக்குள் போனதும் நாகநாதன்தான் மருமகளைப் பார்த்தார்.

"நீயே சொல்லும்மா. வேப்பமரம் யாரு வச்சது?"

"என்னைய இழுக்காதீக மாமா. ஒங்களுக்குள்ள பேசிக்கிருங்க" என்றாள் துர்காதேவி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

அடுத்த வாரமும் நாகநாதன் மாடி ஏறினார். நடந்ததைச் சொன்னார், பாலத்திடம் இல்லை, அவளிடமே. பாராட்டு வரும் என்று எதிர்பார்த்திருந்தார். மாஷிதா, எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டாள். கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றார். செவலையிடம் சொல்லும்போது சொன்னதோடு தீர்ந்தது. வீரலட்சுமியிடம் சொன்னால் பதில் வருகிறது, அதற்கு மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. அந்தப் பூனை அங்கே இல்லாமல் இருந்திருந்தால் தான் வாயைத் திறந்திருப்பாரா? பேசியது அவரா, பூனையா, வீரலட்சுமியின் உதடா?

தெரியவில்லை என்றாள் மாஷிதா.

நாகநாதனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அதை வைத்துக்கொண்டு அன்றைக்கு முழு நேரமும் அவளிடம் வாதாடினார்.

துர்காதேவி சித்திரை பிறந்ததும் மஸ்கட் போய்ச் சேர்ந்தாள். நாகநாதன் வீட்டில் பெரியவரும் பெரியம்மாவும் விடிந்தால் சண்டை, பிரிந்து போகிற நிலைமை, அதைத் தாங்க முடியாமல்தான் மருமகள் ஊரைவிட்டுப் போனாள் என்று அபிராமம் சந்தையில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். விசா வந்தது, போனாள். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள்.